மனநல மாத்திரைகளை எங்கள் வட்டாரத்திலேயே வழங்கக் கோரி மூன்றாம் முறையாக அளிக்கும் மனு

அனுப்புநர்:
மனநோயாளி ஒருவரின் தாய்,
காவிரிக் கடைமடைக் கிராமம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மாசியிலும் ஆடியிலும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். ரசீது இருக்கிறது; பதில் வரவில்லை. எங்கள் ஊர் தாங்கள் அறியாததல்ல. சட்ரஸ் என்று நாங்கள் சொல்லும் மதகு அருகே கரை உடைந்தபோது தாங்களே வந்து பார்த்தீர்கள். அந்தக் கரையை ஒட்டிய தெருதான் எங்களுடையது.

1. என் மகனுக்கு 26 வயது. மனச்சிதைவு நோய். மாத்திரை தவறாதவரை நாற்றுக்கட்டு சுமப்பான், தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பான்.

2. அந்த மாத்திரைக்கு மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். கொடுப்பதோ பத்து நாளுக்கு. விடியற்காலை முதல் பஸ், இறங்கி இன்னொரு பஸ், ஓ.பி. சீட்டு, வரிசை; வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும். மாதம் மூன்று நாள் கூலி போகிறது. நடவு நேரத்தில் ஒரு நாள் நின்றாலே மறுநாள் ஆள் மாற்றிவிடுகிறார்கள். சென்ற ஐப்பசி அடைமழையில் ஆறு நாள் பஸ் வரவில்லை, மாத்திரையும் தீர்ந்தது. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு, குழாயடியில் எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். எட்டாம் நாள் இரவு ஆளைக் காணவில்லை. வாய்க்கால் தண்ணீர் கரை தட்டிப் போகிறது, நான் டார்ச்சோடு கரை நெடுகக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுகிறேன். மதகுக் கட்டையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். ஐயா, கால் வழுக்கியிருந்தால்?

3. "கிராமத்தில் இந்த நோய் எத்தனை பேருக்கு? அதற்காக மருந்து இருப்பு வைக்க முடியுமா?" என்று ஓர் அலுவலர் கேட்டார். 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொல்கிறது. பெருநகரங்களில் கூடுதல் என்பது உண்மைதான். அதனால் கிராமத்தில் இல்லை என்று ஆகிவிடுமா? எங்கள் தெருவிலேயே மூன்று வீடு எனக்குத் தெரியும். பெண்ணுக்கு வரன் வராது என்று வாய் திறக்க மாட்டார்கள். சிகிச்சை இல்லாதவர்களே பெரும்பாலோர் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. மருந்தே இல்லாத இடத்தில் நோயாளி எப்படிக் கணக்கில் வருவான்?

4. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சமுதாய சுகாதார மையம் தொடங்கி மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகளை இலவசமாக எப்போதும் தர வேண்டும் என்கிறது. எப்போதும் என்றால் அடைமழையிலும்தானே?

5. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை திண்ணைக்கே வருகிறது. அதைக் கொண்டுவந்து தரும் சகோதரிக்கு நன்றி. அதே பையில் என் மகனின் மாத்திரையையும் வைத்தால் என்ன, ஐயா? அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானே!

6. கோபமாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். வட்டார மருத்துவமனையிலேயே ஒரு மாதத்திற்கான மாத்திரை தர உத்தரவிடுங்கள். மாதம் ஒரு முறையாவது மனநல மருத்துவர் இங்கு வரட்டும். மாத்திரையாவது முதலில் வரட்டும், ஐயா.

பழைய ரசீதுகளின் நகலும் மருந்துச் சீட்டின் நகலும் இணைத்துள்ளேன். வீட்டில் இன்னும் நான்கு நாளுக்குத்தான் மாத்திரை இருக்கிறது. வானம் மூடிக்கொண்டு வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும் தாய்