மூலதன ஆதாய வரி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பங்கு போன்ற சொத்துகளை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கான வாஷிங்டன் மாநில மூலதன ஆதாய வரி பற்றிய செய்தியைப் படித்தேன். நடுத்தரக் குடும்பங்களின் மடியில் கை வைக்கிறார்கள் என்ற புலம்பல் சரியல்ல. 2022 முதல் நடப்பில் உள்ள, 7 சதவீதத்தில் தொடங்கும் இந்த வரி, ஆண்டு லாபம் ஒரு வரம்புக்கு மேல் போனால்தான் வரும்; 2022-இல் 2,50,000 டாலராக இருந்த அந்த வரம்பு 2025-க்கு 2,78,000 டாலர். வீடு, நிலம் விற்றாலும் ஓய்வூதியக் கணக்கிலும் விலக்கு உண்டு. 2024 வாக்கெடுப்பில் இதை ரத்து செய்ய மக்களே மறுத்தார்கள்.

சியாட்டிலில் பத்து டாலர் சோப்புக்கு நான் ஒரு டாலருக்கு மேல் விற்பனை வரி கட்டுகிறேன். ரசீது சட்டைப்பையிலேயே இருக்கிறது. போன வருடம் கொஞ்சம் பங்குகளை விற்றேன், அதற்கு மாநில வரி ஒரு காசு இல்லை. மூலதன ஆதாய வரிப் பணம் கல்விக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் போகிறதாம். சரி, எந்தப் பள்ளி மாவட்டத்துக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடட்டும்.

- வாசகர், சியாட்டில்