ஐயாயிரம் டாலர் ராஜி

அன்புள்ள வக்கீலே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்ததும், படிக்காதே, எழுதாதே, குனியாதே என்று டாக்டர் உட்கார வைத்துவிட்டார். இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. அலமாரிமேல் இத்தனை வருஷம் படிந்த தூசியும் தெரிகிறது. நீ பிராக்டீஸை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருப்பதாக எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போர்க்காலத்தில் அமெரிக்கா பிடித்துக்கொண்டுபோய் அடைத்த பெரு நாட்டு ஜப்பானியர்களின் இழப்பீட்டு வழக்கைப் பற்றிப் போன கடிதத்தில் நாலு வரி எழுதினேன். “இருபதாயிரம் டாலர் கிடைக்க வேண்டிய இடத்தில் ஐயாயிரத்துக்கா ராஜியானார்கள்? எந்த வக்கீல் ஒத்துக்கொண்டான்?” என்று பாய்ந்துவிட்டாய். முழுக் கதையையும் கேள், அப்புறம் திட்டு.

இரண்டாம் உலகப் போரின்போது பெருவிலிருந்தும் வேறு பல லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா கொண்டுபோனது. அவர்களில் சுமார் 1,800 பேர் பெருவைச் சேர்ந்தவர்கள். பிடித்துக் கொடுத்தது உள்ளூர் போலீஸ், ஏற்றிச் சென்றது அமெரிக்கக் கப்பல். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. பெரும்பாலும் கடைக்காரர், முடிதிருத்துபவர், ஆசிரியர் என்று சாதாரண ஜனங்கள். ஜப்பானிடம் சிக்கியிருந்த அமெரிக்கர்களை மீட்க, மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் இவர்கள். எண்ணூறு பேருக்கு மேல் போர் நடக்கும்போதே அப்படி மாற்றப்பட்டார்கள்.

ஆர்ட் ஷிபயாமா என்பவர் லிமாவில் பிறந்தவர். 1944-இல் பிடித்துப் போனபோது வயது 13. நியூ ஆர்லியன்ஸில் இறங்கியதும் எல்லோரையும் துணியைக் களையச் சொல்லி, உடம்பில் டிடிடி பூச்சி மருந்து அடித்தார்கள். பிறகு ரயிலேற்றி டெக்ஸாஸில் கிரிஸ்டல் சிட்டி முகாம். தாத்தாவையும் பாட்டியையும் அதற்கு முன்பே ஜப்பானுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். பேரன் அவர்களை மறுபடி பார்க்கவேயில்லை.

இனி நீ கவனிக்க வேண்டிய இடம். வந்தவர்களின் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள். விசா கொடுக்கவில்லை. கரை இறங்கியதும், விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த சட்டவிரோதக் குடியேறி என்று பதிவு செய்தார்கள். கையைப் பிடித்து இழுத்து வந்து வீட்டுக்குள் தள்ளிவிட்டு, யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்று அதட்டுவது போல. போர் முடிந்ததும் அந்தப் பதிவைக் காட்டியே நாடு கடத்தப் பார்த்தார்கள். சொற்பப் பேரைத் தவிர மற்றவர்களைத் திரும்ப ஏற்க பெரு மறுத்துவிட்டது. பலர் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அந்த நாட்டைப் பார்த்தேயிராத பிள்ளைகளும் சேர்த்து. சான் பிரான்சிஸ்கோ வக்கீல் வெய்ன் காலின்ஸ் குறுக்கே நின்றதால் முன்னூற்றுச் சொச்சம் பேர் தப்பினார்கள். மனிதர் கிடைத்த ஓட்டையில் எல்லாம் மனுவைச் செருகியிருக்கிறார். உனக்குப் பிடித்திருக்கும்.

இன்னொரு கூத்து. 1952-இல் ஷிபயாமாவை அமெரிக்க ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். ஜெர்மனியில் பணி. சீருடை போட ஆள் தகுதி, குடியுரிமை கேட்டால் மட்டும் சட்டவிரோதமாக வந்தவர்!

1988-இல் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம், முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு மன்னிப்பும் தலைக்கு 20,000 டாலரும் தந்தது. ஆனால் அடைபட்ட காலத்தில் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பு உள்ளவராகவோ இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. பெருக்காரர்களில் பெரும்பாலோர் கதவுக்கு வெளியே. நாற்பது வருஷத்துக்கு முன் பொய்யாகக் குத்திய அதே முத்திரைதான் காரணம்.

1996-இல் வழக்குப் போட்டார்கள், மோச்சிசூகி எதிர் அமெரிக்கா என்று. 1998-இல் ராஜி: தலைக்கு ஐயாயிரம் டாலர், ஜனாதிபதி கிளின்டனின் மன்னிப்புக் கடிதம். நிதி இருந்தால்தான் பணம் என்று அதிலும் ஒரு கொக்கி. 1988 சட்டத்தின் இழப்பீட்டு நிதி அந்த ஆகஸ்டோடு முடிவதாக இருந்தது. பணம் பாதியில் தீர்ந்து, மறுவருஷம் நாடாளுமன்றம் கூடுதலாக ஒதுக்க வேண்டியிருந்தது. கட்சிக்காரர்களில் பலர் எழுபது, எண்பது வயதுக்காரர்கள். பாகப்பிரிவினை வழக்கில் நீ டிக்ரி வாங்கிக்கொண்டு போனபோது கட்சிக்காரர் படத்துக்கு மாலை போட்டிருந்ததை நீதானே சொன்னாய்? அந்த வக்கீல்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொகையைப் பார்த்தால்தான் வருகிறது.

ஷிபயாமாவும் இரண்டு தம்பிகளும் ராஜிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் தோற்று, 2003-இல், வட, தென் அமெரிக்க நாடுகளுக்குப் பொதுவான மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 2018-இல் ஆர்ட் இறந்துபோனார். 2020-இல் தீர்வு வந்தது: சட்டத்தின்முன் சமத்துவமும் பரிகாரம் பெறும் உரிமையும் மறுக்கப்பட்டன, இழப்பீடு கொடு என்று. ஆணையம் பிடித்த புள்ளியைப் பார். 1944-இல் இழுத்து வந்ததை விட, பிற்பாடு பரிகாரத்திலிருந்து ஒதுக்கி வைத்ததுதான் அங்கே வழக்கின் உயிர். பழைய காயத்துக்கு லிமிடேஷன், அதாவது வழக்குப் போடும் கெடு, போய்விட்டாலும், மருந்து தர மறுத்தது புதிய குற்றம் அல்லவா? ஆனால் ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும், ஜப்தி செய்ய முடியாது.

அமெரிக்காவைத் திட்டி முடிக்கும்போது 1962 ஞாபகம் வந்தது. சீனப் போர் வந்ததும் அஸ்ஸாம் பக்கத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் சுமார் 3,000 சீன வம்சாவளியினரை ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் நாம் அடைத்தோம். சிலர் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். நெருக்கடி நிலையில், அரசியல் சட்டத்தின் 21, 22-ஆம் பிரிவுகள் தரும் உயிர், சுதந்திர உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் வழியை ஜனாதிபதி உத்தரவு அடைத்திருந்தது. அவர்களுக்கு ஐயாயிரமும் இல்லை, ஒரு கடிதமும் இல்லை. தேவ்லியில் குழந்தையாக இருந்த ஒருவர் இன்று உன் ஆபீஸ் படியேறி வந்தால், வழக்குக்கான காரணம் எந்தத் தேதியில் எழுந்தது என்று எழுதுவாய்? மகளையும் கேட்டு எழுது. அவள் பதில் உன்னுடையதிலிருந்து மாறுபட்டால் இரண்டையும் அனுப்பு.

உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்