வார்ப்பிரும்பைக் குறை சொல்ல முன்னர் அதற்கு அளவான உலை ஒன்று வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக அறுவடை தொடங்கி, தம்பலகாமத்து வீதியோரமெல்லாம் நெல் காயப்போட்டிருந்த கிழமையில், அரிசி ஆலைப் பல்லுச் சக்கரம் ஒன்று இரண்டு துண்டாக என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவர் ஆலை உரிமையாளர், கிண்ணியாவைச் சேர்ந்தவர். பூட்டிப் பதினொரு நாள்தான் ஓடியதாம். "பாஸ், இனி உள்ளூர் வார்ப்பே வேணாம். நம்மட இரும்ப நம்ப ஏலாது" என்றார். கூட வந்த லேத் தம்பி ஒன்றும் பேசாமல் வாசற்படியில் நின்றான். சக்கரத்தை வார்க்கக் கொடுத்து, அச்சு நுழையும் நடுக் குடத்துக்குத் துளை கடைந்து, பல்லை அரம் போட்டுச் சீராக்கியவன் அவன்தான்.

நாற்பது வருடத்துக்கு மேல் மணல் அச்சுக் கட்டி இரும்பு ஊற்றியவன் நான். என் தகப்பனாரும் இதே தொழில்தான். 1957 இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துப் போகும் வரை அங்கிருந்த பட்டறையில் வேலை செய்தவர். "நம்மட இரும்ப நம்ப ஏலாது" என்ற சொல் எனக்குச் சுட்டது. ஆனபடியால்தான் இந்தக் கடிதம்.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பல் நுனியில் இரும்பு வெள்ளை வெளேரென்று மின்னியது. கொஞ்சம் உள்ளே வெள்ளையும் சாம்பலும் கலந்த புள்ளி. குடத்தடியில் நல்ல சாம்பல் நிறம். ஒரே அகப்பையால் ஒரே தரத்தில் ஊற்றிய இரும்புதான், ஆனால் மூன்று குணம். குடத்தில் ஒரு வெடிப்பு. அதன் உட்புறத்தில் துரு படிந்திருந்தது. புதிதாக உடைந்த இடத்தில் துரு இருக்காது. அப்படியென்றால் ஆலையில் பூட்ட முன்னரே அது வெடித்துவிட்டது.

"அரம் போட்டபோது வழுக்கினதா தம்பி?"

"ஓம் ஐயா. நல்ல இறுக்கமான இரும்பு எண்டு நினைச்சன். இன்னும் இறுகட்டும் எண்டு காஸ் விளக்கால சிவக்கச் சூடாக்கித் தண்ணி பீப்பாக்குள்ள போட்டன்."

அவனில் எனக்குக் கோபம் வரவில்லை. கத்தியையும் மண்வெட்டியையும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துப் பதம் போடுவதை நம் ஊர்க் கொல்லன் பட்டறையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உருக்குக்குச் சரியான அந்த வைத்தியம் வார்ப்பிரும்புக்கு நஞ்சு. இதை அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

வார்ப்பிரும்பில் 2 முதல் 4 வீதம் வரை கரி இருக்கிறது, உருக்கில் இருப்பதைவிடப் பல மடங்கு. உருகிய இரும்பு இறுகும்போது அந்தக் கரி எந்த உருவில் வெளியே வருகிறது என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. மெதுவாக ஆறினால், சிலிக்கனும் போதியளவு இருந்தால், கரி மெல்லிய செதில்களாகப் பிரிந்து நிற்கும். கிராபைட், நாம் காரீயம் என்று சொல்வது, பென்சிலுக்குள் இருக்கும் அதே கறுப்பு. அதுதான் சாம்பல் இரும்பு. லேத்தில் இலகுவாகக் கடையலாம், அதிர்வை வாங்கிக்கொள்ளும். லேத்தின் படுக்கையையே இதில் வார்ப்பது அதனால்தான். விரைவாக ஆறினாலோ, சிலிக்கன் குறைந்து குரோமியம் கூடினாலோ, கரி இரும்போடு சேர்ந்து கார்பைட்டாகிவிடும். அது வெள்ளை இரும்பு. அரம் வழுக்கும். கண்ணாடி போல உடையும்.

இந்தச் சக்கரம் எதில் வார்க்கப்பட்டது? பழைய எஞ்சின் புளொக், பிரேக் ட்ரம், தையல் மெசின் கால், இடையில் உருக்குத் துண்டுகள். பழைய இரும்புக் கடையில் அன்றைக்குக் கிடைத்தது எல்லாம் ஒரே உலைக்குள். பல் மெல்லியது, ஈர மணலில் உடனே ஆறி வெள்ளையாகிவிட்டது. குடம் தடிப்பு, மெதுவாக ஆறிச் சாம்பலாகிவிட்டது. முந்தி ஆறியதும் பிந்தி ஆறியதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நின்ற வேளையில்தான் தண்ணீர் பீப்பா. பழைய பெல்ட் கப்பிகளில் ஆரக்கால்கள் வளைத்து வார்க்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஆறும்போது வரும் இழுவைக்கு ஆரக்கால் கொஞ்சம் வளைந்து கொடுத்து, வெடிக்காமல் தப்புவதற்காகச் செய்த வேலை அது.

இதை ஊற்ற முன்னரே கண்டுபிடித்திருக்கலாம், அதுவும் செலவில்லாமல். தகப்பனார் ஒவ்வொரு உருக்கலிலும் முதலில் ஒரு சின்ன ஆப்பு வார்ப்பார். ஆறியதும் சம்மட்டியால் ஒரு தட்டு. கூரான பக்கத்திலிருந்து வெள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். கூடுதலாக ஏறியிருந்தால் அகப்பையில் இரும்பு விழும்போதே நொறுக்கிய பெரோசிலிக்கனை, அதாவது இரும்பும் சிலிக்கனும் சேர்ந்த கலவையை, போடுவார். நூறு கிலோவுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவே போதும். ஆனால் போட்ட பிறகு கதை பேசிக்கொண்டு நிற்க முடியாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதன் குணம் மங்கிவிடும், அதற்குள் ஊற்றி முடிக்க வேண்டும். இன்று எத்தனை பட்டறையில் ஆப்பு வார்க்கிறார்கள்? நான் போன இடங்களில் ஒன்றிலும் காணவில்லை.

வார்த்து முடிந்த பின்னரும் அந்தச் சக்கரத்துக்கு உயிர் கொடுத்திருக்கலாம். வெள்ளையாகிப்போன பல்லை 900 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே சில மணித்தியாலம் வைத்திருந்தால் கார்பைட் சிதைந்து கரி காரீயமாகப் பிரியும். வெடிப்பு வராமல் உள் இழுவையை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் 550 பாகை போதும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்று பிடித்து, பிறகு உலையைத் திறக்காமல் 300 பாகைக்குக் கீழே வரும்வரை அதற்குள்ளேயே ஆறவிட வேண்டும். அந்தக் காலத்தில் இப்படியான உலை இல்லாதவர்கள் லேத் படுக்கைகளை வார்த்து மாதக்கணக்கில் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்து, அதன் பிறகுதான் கடைவார்கள். "இரும்பும் பழுக்க வேணும்" என்பார் தகப்பனார். அதற்கு மாதங்கள் போகும். அளவான உலை இருந்தால் ஒரு இரவு போதும்.

அளவான உலை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளில் நாங்கள் எண்ணெய் பீப்பாவுக்குள் மணலில் புதைத்து, சுற்றிச் செங்கல் அடுக்கி, சிரட்டைக் கரி போட்டு இந்த வேலை செய்திருக்கிறோம். வெப்பத்தைக் கண்ணால்தான் கணிப்போம். மம்மல் நேரத்தில் செர்ரிச் சிவப்பாகத் தெரிவது உச்சி வெயிலில் கறுப்பாகத் தெரியும். தகப்பனார் யன்னலை எல்லாம் சாத்திவிட்டுத்தான் நிறம் பார்ப்பார். அப்படியிருந்தும் 50 பாகை முன்பின்னாகும். ஒரு தடவை தண்ணீர் பம்ப் மூடிகள் ஒரு தொகுதியை அளவுக்கு மேல் சுட்டு, மேற்பரப்பெல்லாம் செதில் செதிலாகக் கழன்று, அத்தனையையும் திரும்ப உருக்கினோம். வெருகல் பக்கத்து வெங்காயக் கமக்காரர் ஒருவர் அதற்காகக் காத்திருந்து, அந்தக் கிழமை பயிருக்குத் தண்ணீர் இல்லாமல் நின்றார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இது ஏன் இவ்வளவு தேவை என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு நெல் மட்டுமா? கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது. இரண்டுமே சாதாரண வார்ப்பிரும்பைத் தின்னும்.

கடலில் ஓடும் போட்டுகளின் குளிரூட்டும் தண்ணீர் பம்பைக் கழற்றிப் பாருங்கள். வெளியே உருவம் அப்படியே இருக்கும், பேனாக் கத்தியால் சுரண்டினால் கறுப்பாக உதிரும். உப்புத் தண்ணீர் இரும்பைக் கரைத்துவிட்டுக் காரீயத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அதற்கென்றே நிக்கல் 14 வீதம் தொடக்கம் கூடுதலாகச் சேர்த்த வார்ப்பிரும்பு இருக்கிறது. நிக்கல் விலை கூடியதுதான், ஆனாலும் நெடுங்காலம் நிற்கும்.

மணலின் கதை வேறு. புல்மோட்டைக் கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் என்ற தாது மணல்கள் எல்லாம் கலந்து கிடக்கிறது. அந்த மணலைத் தண்ணீரோடு கலந்து இழுக்கும் பம்பின் சுழலியைச் சாதாரண இரும்பில் செய்தால் விளிம்பு தேய்ந்து அரிவாள் மாதிரி ஆகிவிடும். சிர்கோன் சாதாரண கடல் மணலைவிடவும் இறுக்கம். இங்கே வெள்ளை இரும்புதான் வேண்டும், ஆனால் திட்டமிட்டுச் செய்த வெள்ளை. குரோமியம் 25 வீதம் அளவுக்குச் சேர்த்தால், சாதாரண இரும்புக் கார்பைட்டுக்குப் பதிலாக மணலைவிட இறுக்கமான குரோமியம் கார்பைட் உண்டாகும். சூட்டுப் பதத்தின் அருமையை நான் முழுசாக விளங்கியது இந்த இரும்பில்தான். வார்த்தபடியே அதைக் கடைய முடியாது, லேத் கத்தி மழுங்கிவிடும். முதலில் உலையில் வைத்து மெதுவாக ஆற்றி இளக்க வேண்டும். இறுக்கத்தை அளக்கும் பிரினெல் அளவில் 400 அளவுக்கு இறங்கும். அப்போது துளையும் முகமும் கடைந்துகொள்ளலாம். பிறகு திரும்ப உலைக்குள், 1000 பாகைக்குக் கிட்ட, சில மணித்தியாலம். வெளியே எடுத்துத் தண்ணீரில் அல்ல, எண்ணெயில் கூட அல்ல, மின்விசிறிக் காற்றில் ஆறவிட வேண்டும். அதே பிரினெல் அளவில் 600 ஐத் தாண்டி இறுகும். கடைசியாக 200 பாகையளவில் இன்னொரு சூடு, உள் இழுவையைத் தணிப்பதற்கு. ஒரே துண்டை இளக்கி, கடைந்து, இறுக்கி எடுக்கலாம். நடுவில் வெப்பமானி இல்லாமல் இதில் ஒரு படியும் ஏற முடியாது.

இன்னொரு இரும்பும் இருக்கிறது. 1943 இல் அமெரிக்காவில் ஒரு நிக்கல் கம்பனியின் ஆய்வுகூடத்தில் கீத் மில்லிஸ் என்பவர் உருகிய வார்ப்பிரும்பில் மக்னீசியம் சேர்த்துப் பார்த்தார். இரும்பில் 0.04 வீதமளவு மக்னீசியம் நின்றாலே போதும். காரீயம் செதிலாக இல்லாமல் உருண்டையாக வரும். செதிலின் கூர் விளிம்பில்தான் வெடிப்புத் தொடங்குகிறது, உருண்டைக்குக் கூர் இல்லை. அந்த இரும்பு வளையும், உடனே உடையாது. அதைச் சூடாக்கி 250 முதல் 400 பாகைக்குள் உள்ள உருகிய உப்புத் தொட்டியில் ஆற்றினால் உருக்குக்குப் போட்டியாக நிற்கும். பல்லுச் சக்கரத்துக்கு உண்மையில் ஏற்றது அதுதான். அந்தத் தொட்டி நாளைக்கே இங்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். திருகோணமலை நகரிலோ கந்தளாயிலோ ஒரு பொதுச் சூட்டு உலை, 1100 பாகை வரை போகும், வெப்பத்தைத் தானே பிடித்து வைத்திருக்கும் மின் உலை. பக்கத்தில் இறுக்கம் அளக்கும் கருவி ஒன்று. முடிந்தால் இரும்பில் என்ன என்ன எத்தனை வீதம் இருக்கிறது என்று காட்டும் கருவியும். சின்னப் பட்டறை ஒன்று தனியே இதை வாங்க முடியாது. ஆனால் கிண்ணியா, மூதூர், கந்தளாய், நிலாவெளிப் பட்டறைகள் எல்லாம் உருப்படிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிப் பாவிக்கலாம். இளைஞர்களுக்கு லேத்தும் வெல்டிங்கும் படிப்பிக்கும் பயிற்சி நிலையங்களில் வார்ப்பிரும்பின் சூட்டுப் பதத்துக்கு ஒரு மாதமாவது ஒதுக்க வேண்டும். மாகாண நிருவாகத்தில் கைத்தொழிலுக்குப் பொறுப்பானவர்களும், அரிசி ஆலை உரிமையாளர்களும், மீனவர் சங்கங்களும் ஒன்றாக இருந்து பேசினால் இது பெரிய காரியம் அல்ல.

உலை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஆப்பு வார்த்து உடைத்துப் பார்க்க உலை வேண்டாம். அந்த லேத் தம்பி இப்போது சனிக்கிழமைகளில் என்னிடம் வருகிறான். வார்ப்புப் பட்டறையிலிருந்து இதுவரை ஆறு ஆப்பு கொண்டுவந்து முற்றத்தில் வைத்து உடைத்திருக்கிறோம். நான்கில் வெள்ளை கூடுதல். விரும்பிய பட்டறைக்காரர் யாரும் வரலாம், கட்டணம் இல்லை. உடைந்த துண்டுகளையும் கொண்டு வாருங்கள், கழுவாமல், துருவோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்ப்புத் தொழிலாளி,
பாலையூற்று, திருகோணமலை.