ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மருமகளுக்கு

அன்புள்ள கண்ணு,

போனில் நீ விசும்பிக்கொண்டே சொன்னதற்கெல்லாம் "ம்" கொட்டியதோடு நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் உன் அம்மா இருந்தார்கள். உன் வயதுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று நீயே சொன்னதால் இங்கே எழுதுகிறேன். யார் பெயரும் வராது. படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: என் அண்ணன், அதாவது உன் அப்பா, இறந்த பிறகு உன் அம்மா மறுமணம் செய்துகொண்டார்கள்; புதுக் கணவரின் மகன் உனக்குப் புது அண்ணன். இப்போது உனக்குப் பிடித்த ஒரு பையனைப் பற்றிய ரகசியத்தை உன் தோழி வெளியே சொல்லிவிட்டாள்.

அந்தப் பையன் விஷயம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் ஒருவனைப் பார்த்ததும் படபடவென்று வருவது குற்றமில்லை. அதை அவனிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அஸ்தம்பட்டியில் அவன் வேனில் ஏறும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாயாமே, அப்படியே இரு. போட்டோ மட்டும் யாருக்கும் அனுப்பாதே.

உன் தோழி செய்ததுதான் வலிக்கிறது. ஒரே தட்டுவடை செட்டைப் பங்கு போட்டு, பீட்ரூட் துருவல் சீருடையில் சிந்தி, இருவரும் சேர்ந்து திட்டு வாங்கியவர்கள் நீங்கள். நீ கன்னங்குறிச்சிக்குக் குடிபோன பிறகு மாலையில் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்தக் கோபமாக இருக்கலாம். அதற்காக உன் ரகசியத்தைப் போட்டு உடைத்தது நியாயமாகிவிடாது. இன்னொருத்தியைத் தூது விடாமல், "ஏன் சொன்னாய்?" என்று நேராகக் கேள். பதில் பிடிக்காவிட்டால் கொஞ்ச நாள் வேறு இடத்தில் உட்கார்ந்துகொள்.

அவள் போய்ச் சொன்னது யாரிடம்? உன் புது அண்ணனிடம். அந்தப் பையனின் சிநேகிதனிடம். வீட்டில் போட்டுக்கொடுத்துவிடுவான் என்று நடுங்கினாய். இத்தனை நாளாகியும் அவன் வாய் திறக்கவில்லையே, கவனித்தாயா? குளியலறைக்கும் டிவி ரிமோட்டுக்கும் தினம் உன்னோடு மல்லுக்கு நிற்கிறவன் அவன். கையில் இப்படி ஒரு துருப்புச்சீட்டு இருந்தும் இறக்கவில்லை. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை ஆத்தூரில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்கப் பையைக் கட்டும்போது அவன் முகத்தைப் பார். அந்த வீட்டில் எல்லாம் புதிதாக இருப்பது உனக்கு மட்டுமல்ல.

உன் அம்மாவின் புதுக் கணவரை "அப்பா" என்று கூப்பிடச் சொல்லி நச்சரிக்கிறவர்களை என்னிடம் அனுப்பு. "அங்கிள்" என்பதில் அவருக்கே வருத்தமில்லை. இனிஷியல் பேச்சும் உன் காதுக்கு வந்திருக்கும். என் அண்ணன் பெயரின் எழுத்து போய்விடுமோ என்று நம் பக்கத்துச் சொந்தங்களுக்குத்தான் கவலை. ஆந்திராவில் இதேபோல் கணவரை இழந்து மறுமணம் செய்த ஒரு தாயை, குழந்தைக்காக அந்தக் கணவரின் பெற்றோர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆவணங்களில் புதுக் கணவரை "மாற்றுத் தந்தை" என்று குறிப்பிடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவையும், அது ஏறக்குறையக் கொடூரமானது என்று கண்டித்தது. உன் அம்மா எழுத்தை மாற்றப்போவதில்லை. மாற்றினாலும் நான் உனக்கு அத்தைதான்.

ஆடிப் பண்டிகை விடுமுறைக்கு ஏற்காடு வருகிறாயா? அண்ணனையும் கூட்டி வா. நான் கூப்பிட்டால் கூச்சப்படுவான், நீயே கேள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவனுக்கு பஸ்ஸில் குமட்டும் என்று உன் அம்மா சொன்னார்கள். எலுமிச்சம்பழம் இரண்டு எடுத்துக்கொள்.

அன்புடன்,
அத்தை