சாலை மைலேஜையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கார் வரப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்று ஒரு எண்ணும் கூடவே வருகிறது. அந்த எண்ணை எங்கே, எப்படி எடுத்தார்கள் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. வாலாஜாபாத்தில் டிராவல்ஸ் நடத்துகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி. விளம்பரத்தில் 24 என்றார்கள், சாலையில் 18 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 55 லிட்டருக்கு மேல் கூடுதலாக ஊற்ற வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 5,500 ரூபாய் கையைக் கடிக்கிறது. 24 என்று நம்பித்தான் வங்கியில் கடன் வாங்கியிருப்போம், கிலோமீட்டருக்கு வாடகையும் பேசியிருப்போம். தவணை தேதி யாருக்காகவும் தள்ளிப்போவதில்லை.

ஒரகடம் பக்கம் போகிறவர்கள் டெஸ்ட் வண்டிகளைப் பார்த்திருப்பார்கள். மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று அங்கேயே இருக்கிறது, கார் ஆலைகளும் சுற்றிலும் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் சுழிசுழியாக ஸ்டிக்கர் ஒட்டி, என்ன வண்டி என்றே தெரியாதபடி ஓடும். பின் சீட்டில் ஆளுக்குப் பதிலாக எடை மூட்டைகள். சில வண்டிகளில் டிக்கிக்கு வெளியே ஒரு பெட்டி தொங்கும், புகைக்குழாயிலிருந்து அதற்குத் தடித்த குழாய் ஒன்று போகும். சித்திரை வெயிலில் ஏசி போட்டு, நெரிசலில் ஊர்ந்து, வேகத்தடைகளில் ஏறி இறங்கி அந்த வண்டிகள் ஓடுகின்றன. ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் லடாக் மலைப்பாதைக்கும் கொண்டுபோய் ஓட்டுகிறார்கள். அந்த டிரைவர்களும் பொறியாளர்களும் பார்ப்பது சாதாரண வேலையில்லை. உற்பத்தி தொடங்கும் முன்பே, இந்தச் சாலையில் இந்த வண்டி எவ்வளவு குடிக்கும் என்பது நிறுவனத்துக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. பணம் கொடுத்து வாங்குகிற நமக்கு மட்டும்தான் அது தெரிவதில்லை.

நமக்குச் சொல்லப்படும் எண் வேறு இடத்தில் பிறக்கிறது. ஆய்வகத்தில் வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி, சக்கரம் சுழலச் சுழல வண்டி இருந்த இடத்திலேயே இருக்க, திரையில் காட்டும் வேகத்துக்கு ஏற்ப ஒருவர் ஓட்டுவார். மொத்தம் 20 நிமிடம், பத்து கிலோமீட்டர் சொச்சம். வேகம் 90-ஐத் தாண்டாது. அறை வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள். ஏசி கிடையாது. மேடு கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோவும் கிடையாது. எல்லா வண்டிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதால் இப்படி ஒரு சோதனை தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலூர் வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. உருளைமேல் நிற்கும் வண்டிக்குக் காற்றும் தார்ச்சாலையும் கொடுக்கும் எதிர்ப்பு இருக்காது. அதனால் முதலில் வண்டியைச் சோதனைத் தளத்தில் வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, எவ்வளவு நேரத்தில் வேகம் குறைகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவை வைத்துத்தான் உருளையின் எதிர்ப்பை அமைக்கிறார்கள். இந்த அளவில் கைவைத்தால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பொய்யாகிவிடும். ஜப்பானில் அதுதான் நடந்தது. 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி நிறுவனம், 6,25,000 சிறிய கார்களின் மைலேஜ் சோதனையில் இந்த எதிர்ப்பு அளவுகளைக் குறைத்துக் காட்டியதாக ஒப்புக்கொண்டது. அதில் 4,68,000 கார்கள் நிசானுக்காகச் செய்து கொடுத்தவை. அடுத்த மாடலுக்கான வேலையில் நிசான் தானே அளந்து பார்த்தபோது எண்கள் ஒத்துப்போகவில்லை. அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. 1991 முதலே சில வண்டிகளுக்கு விதிப்படி இல்லாத முறையில் அளவெடுத்து வந்ததும் தெரியவந்தது. இத்தனைக்கும் சோதனையில் கண்டிப்புக்குப் பேர்போன நாடு அது.

வண்டியைச் சாலையில் இறக்கினால் என்ன தெரியும் என்பதற்கு அமெரிக்காவிலும் ஓர் உதாரணம் உண்டு. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு குழு ஒன்று டீசல் கார்களின் பின்னால் அளவுக் கருவியைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியா சாலைகளில் ஓட்டியது. ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில்வரை கொண்டுபோய்த் திரும்பினார்கள். அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆய்வகத்தில் தேறிய ஃபோக்ஸ்வாகன் கார் ஒன்று, சாலையில் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் கக்கியது. 2014-ல் அறிக்கை வெளியானது, அடுத்த ஆண்டு உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆய்வகத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய அந்த மோசடி புகை சம்பந்தப்பட்டது, மைலேஜ் இல்லை. ஆனாலும் உருளையிடம் பேசி வைத்துக்கொள்ளலாம், சாலையிடம் முடியாது என்பது இரண்டுக்கும் பொது.

சரி, இங்கே என்ன செய்யலாம்? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வாகனப் புகைக்கான பி.எஸ். 6 விதிகளின் இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலில் வந்ததிலிருந்து, நம் நாட்டிலும் புதிய கார்களின் புகையை ஓடும் சாலையிலேயே அளக்க வேண்டும் என்பது கட்டாயம். டிக்கிக்கு வெளியே தொங்கும் பெட்டி என்று சொன்னேனே, அதன் வேலை அதுதான். நகரம், புறநகர், நெடுஞ்சாலை என்று ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுகிறார்கள். அந்தப் பெட்டி கார்பன் டை ஆக்சைடையும் அளக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். வந்தது எவ்வளவு என்று தெரிந்தால் எரிந்தது எவ்வளவு என்பது வெறும் வகுத்தல் கணக்கு. ஆக, சாலை மைலேஜை அளப்பதற்கான கருவி வண்டியிலேயே இருக்கிறது. அந்த எண்ணை எடுத்துக் காகிதத்தில் போடுவதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

ஐரோப்பாவில் 2021 முதல் புதிய கார்கள், ஓடும்போது செலவாகும் எரிபொருளைத் தாமே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வகக் கணக்கைவிட 20 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகக் குடிக்கின்றன, பிளக்கில் சார்ஜ் ஏற்றும் ஹைப்ரிட் கார்களின் கார்பன் டை ஆக்சைடு ஆய்வக அளவைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று அதில் சொன்னார்கள். அமெரிக்காவில் 2008 மாடல்களிலிருந்து, 35 டிகிரி வெப்பத்தில் ஏசி போட்டு ஓட்டும் சோதனையும் காரில் ஒட்டும் மைலேஜ் எண்ணில் சேர்கிறது. நம்மைவிட வெயில் குறைந்த ஊர்களும் அங்கே எத்தனையோ உண்டு.

இதில் நேர்மையான நிறுவனங்களுக்கும் ஒரு நியாயம் வேண்டும். ஏசி கம்ப்ரசரை நன்றாகச் செய்து, வெயிலிலும் எரிபொருள் மிச்சமாகும்படி ஒரு பொறியாளர் பாடுபட்டால், அந்த உழைப்பு இன்றைய எண்ணில் தெரியாது. உருளைமேல் ஓடும் 20 நிமிடத்துக்காக மட்டும் இன்ஜினைச் சீர்செய்கிறவர்தான் பெயர் வாங்குவார். எதை அளக்கிறோமோ அதைத்தான் மேம்படுத்துவார்கள். கியர் விகிதம், டயர் அளவு, நின்றால் இன்ஜின் தானே அணையும் ஏற்பாடு எல்லாம் முடிவாவது உற்பத்திக்கு முன்புதான். வண்டி ஷோரூமுக்கு வந்த பிறகு நாம் புலம்பினால் எந்த கியரும் மாறப்போவதில்லை.

என் கோரிக்கை இதுதான். ஒரு மாடலின் உற்பத்திக்கு ஒப்புதல் கொடுக்கும்போதே சாலை மைலேஜையும் பதிவு செய்து, ஷோரூமில் நிற்கும் வண்டியின் கண்ணாடியில் ஆய்வக எண்ணுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒட்ட வேண்டும். ஏசி ஓட வேண்டும், பங்கில் நாம் போடும் அதே எத்தனால் கலந்த பெட்ரோலாக இருக்க வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் குறைவு என்பதால் இதை விட்டுவிட முடியாது. ஒரு மலைப்பாதையும் சேரட்டும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளே போதும், கொல்லிமலையின் 70-க்குப் போக வேண்டாம்.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். புதிய வண்டிகளை உங்கள் நிருபர்கள் ஓட்டிப் பார்த்து எழுதும்போது, டேஷ்போர்டு காட்டும் மைலேஜை அப்படியே போடாமல் டேங்க் கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். காலையில் டயர் காற்றைச் சரிபார்த்து, பம்பு தானாக நிற்கும் 'ஆட்டோ கட்' வரை மட்டும் பெட்ரோல் போட்டு, ஓட்டி முடித்து, அதே பங்கில் அதே பம்பில் மறுபடி ஆட்டோ கட்வரை போட்டால் போதும். வாய்வரை தளும்பத் தளும்ப ஊற்ற வேண்டாம், கணக்குத் தப்பிவிடும். இதற்கு நேரமில்லை என்றால், அச்சாகும் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஆய்வகத்தில், ஏசி இல்லாமல்' என்றாவது சேருங்கள். சாலை மைலேஜ் எவ்வளவு என்று நிறுவனத்திடம் கேளுங்கள். சொன்னால் போடுங்கள், சொல்ல மறுத்தால் மறுத்துவிட்டார்கள் என்றும் போடுங்கள்.

இப்படிக்கு,
டிராவல்ஸ் நடத்தும் வாசகர்,
வாலாஜாபாத்