பாரெட்டின் கைகளைப் பற்றியும் எழுதியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிட் பாரெட்டைப் பற்றி வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவைத் தொடக்கத்தில் வழிநடத்திய கிதார் கலைஞரைப் பற்றித் தமிழில் நான்கு பக்கம் வருவது அரிது என்பதால், அதற்காக முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த நான்கு பக்கங்களிலும் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளும் மனச்சிதைவும் பேசப்பட்ட அளவில் கால்பங்குகூட அவருடைய வாசிப்பு பேசப்படவில்லை என்பது கிதார் கற்றுத்தரும் எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

1967 ஆகஸ்டில் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டில் உள்ள 11 பாடல்களில் 8 பாரெட் ஒருவரே எழுதியவை. அப்போது அவருக்கு வயது 21. அதே தட்டில், ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீளும் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' என்ற வாத்திய இசையை போதையில் பிறந்த இரைச்சல் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிடுகிறார். ஏஎம்எம் என்ற சோதனை இசைக்குழுவின் கிதார் கலைஞர் கீத் ரோ கிதாரைப் படுக்கவைத்து, அதன்மேல் உலோகப் பொருள்களை வைத்து வாசித்ததைக் கண்டு, அம்முறையைத் தன் வாசிப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டவர் பாரெட். வட்டக் கண்ணாடிகள் ஒட்டிய தன் ஃபெண்டர் எஸ்கொயர் மின்கிதாரின் கம்பிகள்மீது சிப்போ லைட்டரை இழுப்பார்; அந்த ஒலி பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவிக்குள் போய், சுழலும் காந்த உருளையில் பதிந்து, மீண்டும் மீண்டும் திரும்பி வரும்.

இது எளிது என்று நினைப்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்கட்டும். என் மாணவன் ஒருவனிடம் லைட்டரையும் எக்கோ பெடலையும் கொடுத்தபோது, அரைமணி நேரம் ஒலிமேல் ஒலி ஏறிக் குழம்பியதுதான் மிச்சம். போன ஒலி திரும்பி வரும் வரை கையை நிறுத்திவைத்து, அது அடங்கும் இடத்தில் அடுத்ததை இழுக்கக் கற்ற பிறகே அவனுக்கு அது இசையாகத் தொடங்கியது. காதும் பொறுமையும் இல்லாமல் அது கைவராது. அந்தக் காத்திருப்பைப் பாரெட்டின் பதிவுகளில் தெளிவாகக் கேட்கலாம்.

அவர் போதைப்பொருளால் பாதிக்கப்பட்டதையோ, மேடையில் வாசிக்காமல் நின்றதையோ, 1968 ஏப்ரலில் குழுவிலிருந்து விலகியதையோ நான் மறுக்கவில்லை. 1975 ஜூன் 5 அன்று, தன்னைப் பற்றிய பாடலைப் பழைய குழு நண்பர்கள் ஒலிக்கலவை செய்துகொண்டிருந்த அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்து அவர் வந்து நின்றதும், அவர்களுக்கே சற்று நேரம் அடையாளம் தெரியாமல் போனதும் நெஞ்சை அறுக்கும் நிகழ்ச்சிதான். அதற்காகக் கட்டுரையாளர் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அத்துடன் "அவர் கதை முடிந்தது" என்று எழுதியதை ஏற்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் 31 ஆண்டுகள் வாழ்ந்தார்.

கேம்பிரிட்ஜில் பிறந்த ரோஜர் கீத் பாரெட், அவ்வூருக்கே திரும்பி, சிட் என்ற பெயரை விட்டு ரோஜராக வாழ்ந்தார், தோட்டம் போட்டார், ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்பதால் மீண்டும் தூரிகையைக் கையில் எடுத்து, வரைந்த படங்களில் பலவற்றைப் புகைப்படம் எடுத்துவிட்டு அழித்தும்விட்டார். வீட்டு வாசலில் வந்து நின்ற செய்தியாளர்களுக்கு அவர் முகம் கொடுக்கவில்லை. 2006 ஜூலை 7 அன்று, தன் 60ஆம் வயதில் கணையப் புற்றுநோயால் அங்கேயே இறந்தார். இந்த வாழ்க்கையை வெறுமை என்று தீர்ப்பெழுதும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவி 1973இல் பாரெட்டின் பாடலொன்றைத் தன் தட்டில் மீண்டும் பாடியதும், பின்னாளில் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவினர் அவருடைய தனிப்பாடலொன்றை எடுத்துப் பாடியதும் அவர்மேல் கொண்ட இரக்கத்தினால் அல்ல. அந்தப் பாடல்களின் வலிமையினால். தாங்கள் மனம்வைத்து, அவருடைய வாசிப்பு முறையைப் பற்றி மட்டும், கிதார் அறிந்த ஒருவரைக் கொண்டு இன்னொரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கம் போதும்.

இப்படிக்கு,
கிதார் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.