சமுதாயக் கூடச் சாவியைக் கொடுக்கும் முன்

கோத்தகிரி வட்டார ஊர் நிர்வாகிகளுக்கும் மகளிர் குழு அக்காமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் மூட்டு வலிக்கு இலவச முகாம் நடந்தது. மைக்கில் கூப்பிட்டது நம் குழு, கூடத்தைத் திறந்துவிட்டது நீங்கள், அதனால்தான் அம்மா நம்பிப் போனார். முப்பது வருடம் சரிவில் நின்று கொழுந்து எடுத்த முழங்கால், இப்போது ரேஷன் கடைப் படி ஏறவே கைப்பிடி தேடுகிறது. பிரஷர் பார்த்தது இலவசம்தான். அப்புறம் ஒரு தம்பி தனியாக உட்கார வைத்து, வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அதிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து மூட்டில் போட்டால், கவாத்து வெட்டிய செடி துளிர்க்கிற மாதிரி தேய்ந்த ஜவ்வு வளர்ந்துவிடும், காலுக்கு ஒன்றரை லட்சம், இன்றே ஐயாயிரம் கட்டினால் தள்ளுபடி என்றிருக்கிறார். அம்மா கட்டிவிட்டு வந்தார். அந்தப் பணம் போனது போனதுதான், அதை விடுங்கள்.

கவாத்து உவமை பிரமாதம், நம்மூர் ஆளை மடக்க அதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் தப்பு. ஸ்டெம் செல் என்றால் வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல். கொழுப்பு, எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் வகைக்கு மீசன்கைமல் செல் என்று பெயர். இந்தச் செல்களை வளர்ப்பதுதான் கோயம்புத்தூர் லேபில் எனக்குப் பிழைப்பு. பிளாஸ்டிக் தட்டில் ஒட்டிக்கொண்டு நூல்கதிர் போல நீளவாக்கில் படரும், தனித்தனி ஊட்டக் கரைசல் கொடுத்தால் எலும்பாக, குருத்தெலும்பாக, கொழுப்பாக மாறும். அது தட்டில். உடம்புக்குள் போட்டால் பெரும்பாலானவை சில நாள், சில வாரத்தில் காணாமல் போகின்றன. அதற்குள் சில பொருள்களைச் சுரந்து அழற்சியை அடக்குகின்றன. அதாவது இது துளிர் இல்லை, கங்காணி: தான் கொழுந்து எடுக்காது, மற்ற செல்களை வேலை வாங்கும். 1991ல் ‘மீசன்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயர் வைத்த அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்ட் கேப்லானே, 2017ல் பெயரில் இருக்கும் ‘ஸ்டெம்’ ஆளை ஏமாற்றுகிறது, மாற்றுங்கள் என்று எழுதினார்.

அதற்காக எல்லாமே டுபாக்கூர் என்று நான் சொல்லவில்லை. கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பெங்களூரு நிறுவனம் ஒன்று உருவாக்கிய ஸ்டெம்பியூசெல் என்ற இதே வகைச் செல் மருந்து, புகையிலையால் கால் ரத்தக்குழாய் அடைத்துப் புண்ணாகும் பர்கர் நோய்க்கு மத்திய அனுமதி பெற்றது. 2022ல் முழங்கால் தேய்மானத்துக்கும் அனுமதி கிடைத்தது. மஜ்ஜை மாற்றிய பின் தானமாக வந்த செல்களே உடம்பைத் தாக்கும் குழந்தைகளுக்கு, ஸ்டீராய்டும் கேட்காதபோது கொடுக்க, 2024 டிசம்பரில் அமெரிக்காவும் இப்படி ஒரு மருந்தை அனுமதித்தது. எங்கள் லேபில் அன்றைக்கு இனிப்பு வாங்கினோம்.

ஆனால் ‘அரசு அனுமதி உண்டு’ என்று அந்த முகாம் நோட்டீசில் போட்டிருந்தார்களே, அது யாரோ வாங்கிய அனுமதி. கொழுப்பை உறிஞ்சி அங்கேயே பிரித்து ஊசி போடுவது வேறு சரக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி இதெல்லாம் ஆய்வாக மட்டுமே நடக்கலாம், அந்த ஆய்வும் மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) இருக்க வேண்டும், நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது.

ஆகவே அடுத்த முறை யாராவது கூடம் கேட்டு வந்தால், மருந்தா ஆய்வா என்று கேளுங்கள். மருந்து என்றால் அனுமதிக் கடிதத்தையும் ஆய்வு என்றால் பதிவு எண்ணையும் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் சாவியைக் கொடுங்கள். எண்ணை எனக்கு அனுப்பினால் பத்து நிமிடத்தில் தேடிச் சொல்கிறேன்.

அம்மா இப்போது அரசு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறார், காலையும் மாலையும். மீதிப் பணம் எப்போது என்று அந்தத் தம்பி இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பையன்